‘அந்த மாத்திரை’ எந்த மாத்திரை? டெல்டா மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர்க்காரி. 19 வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். உங்கள் கடையில் மாத்திரை வாங்கும் அதே பெண்கள்தான் என்னிடம் வந்து கையை நீட்டுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு பெண் வந்தார். இருபத்தாறு வயது இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை, மாதவிலக்கும் முன்னே பின்னே வருகிறது. டாக்டர் ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். “ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்லக்கா” என்றார். ரத்தம் எடுத்து முடித்து, பணம் எடுக்கப் பையைத் திறந்தபோது ஒரு செய்தித்தாள் மடிப்பு கீழே விழுந்தது. உள்ளே வெட்டிய அட்டையில் நான்கு மாத்திரை. “இது என்னம்மா?” என்றேன். “அது மாத்திரை இல்லக்கா, திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போறதுக்கு” என்றார்.

அது மாத்திரை இல்லை. அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. எடுத்த ரத்தத்தை நான் மெஷினில் வைக்கவில்லை. வைத்திருந்தால் அவர் உடம்பின் ஹார்மோன் வந்திருக்காது. மாத்திரை செய்த வேலைதான் எண்ணாக வந்திருக்கும். டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தி, விலக்கு வந்த பிறகு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ரெண்டு பஸ் மாறி வந்த பெண் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். ஆனால் ஹார்மோன் மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி இல்லை அண்ணே. அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே வேறு மாதிரி கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லேபுக்கு வரும் நடவு ஆட்கள் “ஹார்மோன்னா என்னம்மா?” என்று கேட்டால் நான் ஆற்றைக் காட்டித்தான் சொல்வேன். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு இடம், அது மேட்டூர். அதற்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் பிட்யூட்டரி சுரப்பி, அது கல்லணை. மேட்டூரில் திறந்தால்தான் கல்லணைக்கு வரும். கல்லணையிலிருந்து ரெண்டு ஆறு பிரிகிறது, ரத்தத்தில் போய் வேலை சொல்லும் ஹார்மோன்கள் அவை: எஃப்.எஸ்.ஹெச். ஒன்று, எல்.ஹெச். ஒன்று. ரெண்டும் பாய்கிற வயல் சினைப்பை. எஃப்.எஸ்.ஹெச். பாய்ந்தால் முட்டை வளர்கிறது; வளரும் முட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் எல்.ஹெச். ஆற்றில் ஒரு வெள்ளம் வரும், ஒன்றிரண்டு நாள்தான். அந்த வேகத்தில் முட்டை வெடித்து வெளியே வரும். அது வந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கும். மற்ற நாட்களில் வயல் நிறைந்தால், “போதும், அடைங்க” என்று மேலே தகவல் போகும், மதகு இறங்கும். இந்தப் போக்குவரத்து மாதாமாதம் நடக்கிறது.

கருத்தடை மாத்திரை இந்தத் தகவலைத்தான் பிடித்துக்கொள்கிறது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 28 மாத்திரையில் 21-இல்தான் ஹார்மோன். ஒவ்வொன்றிலும் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்து 0.15 மில்லிகிராம். எள்ளைவிடச் சின்ன அளவு. அது தினமும் ரத்தத்தில் இருக்கும்போது மேலே போகிற செய்தி ஒன்றுதான்: வயல் நிறைந்திருக்கிறது. மேட்டூர் குறைக்கிறது, கல்லணை அடைக்கிறது. எஃப்.எஸ்.ஹெச். இறங்குகிறது, முட்டை வளர்வதில்லை. எல்.ஹெச். வெள்ளம் வருவதே இல்லை, முட்டை வெளியே வருவதில்லை. கூடவே கருப்பை வாயின் சளி கெட்டிப்படுகிறது, கருப்பையின் உள்சவ்வு மெலிகிறது.

இப்படி மாத்திரையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் எஸ்ட்ரடையால், அதாவது உடம்பு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்ட் போட்டால் எண் அடிமட்டத்தில் வரும். மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலான மெஷின்கள் அடையாளம் கண்டுகொள்ளாது. உடம்பு சொந்தமாகச் சுரப்பதைத்தான் எண்ணும், அதுவோ குறைந்திருக்கிறது. புரோஜெஸ்டிரோனும் அப்படியே. தெரியாதவர் பார்த்தால் மாதவிலக்கு நின்றுபோன அம்மாவின் ரிப்போர்ட்டோ என்று நினைப்பார். ஆனால் நின்றுபோன அம்மாவுக்கு எஃப்.எஸ்.ஹெச். மிக அதிகமாக இருக்கும். மேலே மதகு முழுசாகத் திறந்தும் வயல் ஏற்பதில்லை. மாத்திரைப் பெண்ணுக்கு மேலேயும் குறைவு, கீழேயும் குறைவு. ரெண்டும் ஒன்றில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வராது.

கடைசி ஏழு மாத்திரை இரும்புச்சத்து மட்டும். அந்த வாரம் ஹார்மோன் நிற்பதால் மெலிந்த உள்சவ்வு கழன்று ரத்தம் வருகிறது. பார்க்க மாதவிலக்கு மாதிரியே இருக்கும், ஆனால் முட்டை வெளிவந்து வருகிற மாதவிலக்கு இல்லை. “மாத்திரை போட்டப்ப மாசம் தவறாம வந்துச்சு, அப்ப சினைப்பை நீர்க்கட்டி சரியாயிடுச்சுல்ல?” என்று கேட்கும் பெண்கள் எத்தனையோ பேர். சரியாகவில்லை அம்மா, மாத்திரை முறை வைத்து வரவழைத்தது. நிறுத்தினால் பலருக்குப் பழையபடி தள்ளிப்போகும்.

அப்புறம் அந்த ஏழு நாளில் இன்னொன்று நடக்கிறது. மதகு ஒரு சாண் தூக்குகிறது. எஃப்.எஸ்.ஹெச். மறுபடி ஏறுகிறது, அடுத்த முட்டை வளரத் தொடங்குகிறது. அதனால்தான் புது அட்டையை ஒருநாள்கூடத் தள்ளாமல் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒன்று மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். புது அட்டை ரெண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் ஆபத்து அங்கேதான். “ஸ்டாக் இல்ல, திங்கக்கிழமை வாங்க” என்று சாதாரணமாகச் சொல்கிறீர்களே அண்ணே, அந்தத் திங்கட்கிழமைக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது.

சினைப்பையோடு விஷயம் முடிவதில்லை. மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்கும் போகிறது. ரத்தத்தில் ஹார்மோன்களைச் சுமந்துபோகும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்ய ஆரம்பிக்கிறது. அதில் ஒன்று எஸ்.ஹெச்.பி.ஜி., ஆண் ஹார்மோன் என்று சொல்கிற டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதம். பெண்களுக்கும் அந்த ஹார்மோன் கொஞ்சம் உண்டு. மாத்திரை போட்டால் சுரப்பதும் குறைகிறது, சுரந்ததும் பிடிபட்டுப் போகிறது. கட்டில்லாமல் சுற்றும் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். முகப்பருவும் தாடையில் வளரும் முடியும் குறைவது இதனால்தான். நீர்க்கட்டிப் பெண்களுக்கு டாக்டர்கள் இதே மாத்திரையை எழுதுவதும் இதற்காகத்தான். சிலருக்கு ஆசை குறைகிறது, மனசு கனத்துப்போகிறது என்கிறார்கள். எல்லோருக்கும் வராது. வந்தவள் வெளியில் சொல்ல மாட்டாள். புருஷனிடம் சண்டை, மாமியாரிடம் கோபம் என்று அது வேறு பெயரில் ஊருக்குத் தெரியும்.

தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் இப்படித்தான் ஏறும். ரத்தத்தில் உள்ள மொத்த தைராய்டு ஹார்மோனை அளக்கும் டோட்டல் டி4 பார்த்தால் அதிகம் என்று வரும். புரதத்தில் கட்டுப்படாததை அளக்கும் ஃப்ரீ டி4, தைராய்டை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.ஹெச். ரெண்டும் சரியாக இருக்கும், அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இருக்காது. ஆனால் ஏற்கெனவே தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை போடுகிறவர் கருத்தடை மாத்திரையும் சேர்த்துத் தொடங்கினால் பழைய அளவு பற்றாமல் போகலாம்; ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். பார்த்துவிடுவது நல்லது. ரெண்டு மாத்திரையையும் ஒரே கடையில், ஒரே கவரில் வாங்கிப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கவர் உங்கள் கையில் இருக்கும்போது இதைச் சொல்ல உங்களைவிடத் தோதானவர் யார்?

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன். 2009-இல் என் பையனுக்கு நாலு மாசம். அடுத்த குழந்தை உடனே வேண்டாம் என்று ஒரு கடையில் போய் மெதுவாகக் கேட்டேன். ஒரு அட்டை கொடுத்தார்கள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் பால் குறைந்தது. குழந்தை மார்பைப் பிடித்துவிட்டு, விட்டுவிட்டு அழுவான். என் மாமியார் நாகப்பட்டினத்திலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்தார். பூண்டை உரித்து உரித்துக் குழம்பு வைத்தார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் பால் இல்லை என்று வீட்டில் பேச்சு வந்தது. ராத்திரியில் அவனை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் அக்காதான் கேட்டார்: “மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?” சொன்னேன். “பால் கொடுக்கிற புள்ளைக்கு இதை யாரு கொடுத்தா?” என்றார். ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும், குழந்தை பிறந்து ஆறு மாசம் வரை தாய்ப்பால் கொடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நிறுத்தினேன், பால் திரும்ப ஊறியது. லேபில் வேலை பார்க்கும் எனக்கே அந்த நிலைமை. அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு வழி கூடியிருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமேன் மாத்திரை, சாயா என்ற பெயரில் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை. முதல் மூன்று மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப்போகலாம், அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாசத்துக்கு ஒன்று. அதை நிறுத்தினால் கரு தங்கப் பல மாதம் ஆகலாம். மாலா மாதிரி மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாசத்திலேயே முட்டை வெளிவரத் தொடங்கிவிடும். “மாத்திரை சாப்பிட்டா பிறகு குழந்தையே பொறக்காது” என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்தான் செய்துகொள்கிறார்கள். கருத்தடைக்கென்று மாத்திரையை நம்புகிறவர்கள் மிகக் கொஞ்சம். அப்படியானால் உங்கள் கடையில் ஹார்மோன் மாத்திரை யாருக்குப் போகிறது? என் கண்ணில் படுவதில் நிறைய, நாள் தள்ளிப்போடுவதற்கு. மாசி, பங்குனி, சித்திரை, அப்புறம் ஆடி. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பால்குடம், தீமிதி முடியும்வரை வீட்டில் யாரும் தூரமாகக் கூடாது. கல்யாணம், கிரகப்பிரவேசம், சபரிமலைக்குப் போகிறவரின் வீடு, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. அது சரியா தப்பா என்று நான் இங்கே பேச வரவில்லை. என் வீட்டிலும் அம்மனுக்கு விரதம் உண்டு.

ஆனால் அந்த மாத்திரை வேறு. அது நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், புரோஜெஸ்டிரோன் வகை. விலக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டால் உள்சவ்வு கழலாமல் நிற்கும். நிறுத்தின ரெண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். இப்படிப் போட்டால் அது கருத்தடை ஆகாது. “ரெண்டுக்கும் ஒண்ணுதானே” என்று நம்பியவர்களுக்கு என் லேபிலேயே ரெண்டு கோடு காட்டியிருக்கிறேன். இன்னொன்று: இந்த மருந்தில் ஒரு பங்கு உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை என்று நினைத்து ரத்தக் கட்டி வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ரத்தம் கட்டுவதைப் பற்றி அளவோடுதான் பேச வேண்டும். மாத்திரை போடாத இளம்பெண்கள் பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை போடுபவர்களில் ஐந்திலிருந்து பன்னிரண்டு பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இதைவிட அதிகம். அதனால் பயமுறுத்தி நிறுத்தவைக்க வேண்டாம். கருப்பைப் புற்றும் சினைப்பைப் புற்றும் குறைவதும், அதிக ரத்தப்போக்கில் சோகை பிடித்த பெண்கள் தேறுவதும் இதே மாத்திரையால்தான். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. குனிந்து நடவு நட்டு, நாள் பூரா சேற்றில் நின்ற காலுக்கு வலி புதிதில்லை. ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், “நடவு வலி, தைலம் தேய்ச்சுக்க” என்று சொல்லிவிடுவோம். மாத்திரை போடுகிற பெண் ஒற்றைக் கால் வீக்கம் என்று தைலம் கேட்டு வந்தால், திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்றால், தைலத்தைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், பெரிசாக ஒன்றும் இல்லை. அட்டையை வெட்டும்போது பெயரை விட்டு வெட்டுங்கள். முடியாவிட்டால் கவரில் பேனாவால் எழுதுங்கள். கொடுக்கும்முன் கேளுங்கள்: பால் கொடுக்கிறீங்களா, பி.பி. இருக்கா, பாதித் தலை வலிச்சுக் கண்ணுல மின்னல் மாதிரி தெரியுமா, முன்னே ரத்தம் கட்டியிருக்கா. காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்குச் சில மாத்திரைகளோ சாப்பிடுகிறவருக்குக் கல்லீரல் இந்த ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், மாத்திரை பலிக்காது, அதையும் கேளுங்கள். ஆமாம் என்று எதற்காவது பதில் வந்தால், “டாக்டரைப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லுங்கள். வியாபாரம் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கடை வாசலில் ஓரமாக, போஸ்டரைப் படிப்பதுபோல நின்றுகொண்டிருக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் போகட்டும் என்று நிற்கிறாள். பைக்கில் வந்த நாலு பேர் வாங்கிப் போகும்வரை நிற்பாள். நடுவில் தெரிந்தவர் யாராவது வந்தால், “ஒரு தலைவலி மாத்திரை” என்று கேட்டு வாங்கிப் போய்விடுவாள். அவளிடம் சத்தமாக “எதுக்கு?” என்று கேட்க முடியாது. கடையில் ஒரு தங்கச்சி வேலை பார்த்தால் அவளை முன்னால் நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்விகளை அரைப்பக்கத் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, மாத்திரையோடு மடித்துக் கொடுங்கள். வீட்டில் போய்ப் படிப்பாள். வயல்வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் படித்துச் சொல்வாள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தத் தாளை நான் எழுதிவிட்டேன். எங்கள் டாக்டர் ஒருவர் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறார். லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்ளும்போது கையைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள், “இதுவும் மாத்திரையாக்கா?” என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட இன்னும் இருபது நாள்கூட இல்லை. அதற்குள் உங்கள் கடைக்கு நூறு தாள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். அச்சுச் செலவு என்னுடையது. சாயங்காலம் ஆறு மணிக்கு லேப் மூடியதும் வண்டியில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
நீடாமங்கலம் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூட டெக்னீஷியன் ஒருத்தி